ஹார்பர் சாலைக்கு மேலே டிஸ்னிலாண்ட் நடைமேம்பாலம்: ஆதரிக்கலாமா?

கேள்வி: கட்டெல்லா_வாசி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில், டிஸ்னிலாண்ட் இருக்கும் அனஹைம் ஊரில் இருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் இடம் போதாவிட்டால் பூங்கா வாசலுக்கு எதிரே ஓடும் ஹார்பர் பூல்வார்ட் சாலையில் ஒரு மோட்டலில் (சின்ன விடுதியில்) தங்க வைப்போம். காலையில் காபி குடித்துவிட்டு நடந்தே பூங்காவுக்குப் போய்விடலாம். பார்க்கிங் காசு மிச்சம். மதியம் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தால் அறைக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி போகலாம்.

இப்போது டிஸ்னி, சாலையின் கிழக்குப் பக்கம் ஏறக்குறைய 6,000 கார்கள் நிற்கும் கட்டடம் ஒன்றையும், அங்கிருந்து ஹார்பருக்கு மேலாகப் பூங்காவுக்குப் போகும் நடைமேம்பாலத்தையும் கட்டத் திட்டம் போட்டிருக்கிறது. வாணவேடிக்கை முடிந்ததும் வாசலுக்கு எதிரே உள்ள சிக்னலில் நிற்கும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். குழந்தைகளின் தள்ளுவண்டிகள், தோளில் தூங்கும் குழந்தைகள், நடுவே திரும்பப் பார்க்கும் கார்கள். அதனால் பாலம் வந்தால் நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. என் கணவரோ, 2016இல் இதே யோசனை வந்தபோது அந்தத் தெரு வியாபாரிகள் ஏன் அப்படி எதிர்த்தார்கள் என்று யோசித்துப் பார் என்கிறார். என் மாமியாருக்கு வேறு முழங்கால் வலி, படி ஏற முடியாது.

நகர மன்றத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் நானும் இரண்டு நிமிடம் பேசலாம் என்றிருக்கிறேன். பாலத்தை ஆதரிக்கலாமா? ஆதரித்தால் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: தூண்_போடுபவன்

சாலை, பாலம் வடிவமைப்புதான் என் தொழில். இந்தத் திட்டத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. என் கருத்து: பாலம் வேண்டும். ஆனால் நடுப்பகுதியின் அழகைப் பார்த்து ஆதரிக்காதீர்கள். அதன் இரண்டு முனைகளும் எங்கே தரையைத் தொடுகின்றன என்று முதலில் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. சாலைக்கு மேலே நடைமேம்பாலத்தின் அடிப்பாகம் 17 அடி உயரத்தில் இருப்பது இங்கே வழக்கமான அளவு. உத்திரத்தின் கனத்தையும் சேர்த்தால் நாம் நடக்கும் தளம் சுமார் 20 அடிக்கு வந்துவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. ஒவ்வொரு 30 அங்குல ஏற்றத்துக்கும் நடுவே 5 அடி சமதளம் விட வேண்டும். ஆக 20 அடி ஏறுவதற்கு மொத்தம் 270 அடிக்கு மேல் நீளம் தேவை. ஹார்பரின் நடைபாதையில் அதற்கு இடம் ஏது? லிஃப்ட், எஸ்கலேட்டர், படிக்கட்டு, இவைதான் வழி.

கார் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து வருகிறவர் ஏற்கனவே உயரத்தில்தான் இருக்கிறார். அவர் நேரே நடந்து போய்விடுவார். மோட்டலிலிருந்து வருகிறவர் தரையில் நிற்கிறார். பாலத்துக்கு ஹார்பர் நடைபாதையில் ஏறி இறங்கும் வழி இல்லையென்றால், அவர் பின்பக்கம் சுற்றிப்போய் ஏறித்தான் வர வேண்டும். 2016இல் வியாபாரிகள் கொதித்தது இதற்காகத்தான். காரில் வருகிறவர் எங்கள் தலைக்கு மேலே போய்விடுவார், எங்களிடம் தங்குகிறவரோ சுற்றி வளைத்துப் போக வேண்டும் என்றார்கள். அது நியாயமான கேள்வி. கடைசியில் டிஸ்னி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, மேற்கே மிக்கி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற பழைய கார் கட்டடத்தின் பக்கத்தில் பிக்ஸார் பால்ஸ் கார் கட்டடத்தை 2019இல் திறந்தது. அங்கே மேஜிக் வே சாலைக்கு மேலே ஒரு நடைமேம்பாலமும் போட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, ஏனென்றால் சாலையின் இரு பக்கமும் அவர்கள் இடம்.

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1955இல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது 160 ஏக்கர்தான். சுற்றியிருந்த நிலமெல்லாம் மற்றவர்கள் கைக்குப் போய் மோட்டல்களாக மாறியது. அதைப் பார்த்துத்தான் ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார்கள். அங்கே கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 2020இல் நடைபாதை திறந்தார்கள். வழியில் ஒரு கால்வாய் குறுக்கிடுகிறது. படகு போக வேண்டுமென்றால் பாலமே பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். அருமையான வேலை. அது முழுக்க அவர்கள் வீட்டுக்குள் நடந்த வேலை. ஹார்பர் அப்படியல்ல, ஊர் மக்களின் சாலை.

லாஸ் வேகஸையும் பாருங்கள். டிராபிகானா சந்திப்பில் 1990களின் நடுவில் நடைமேம்பாலங்கள் வந்தன. கூடவே தரையில் கடக்கும் வழியைத் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். இன்று எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் ஏறி இறங்கியே ஆக வேண்டும். எஸ்கலேட்டர் நின்றுபோன நாளில் வயதானவர்கள் படும் பாட்டை அங்கே பார்த்திருக்கிறேன். 2024இல் அந்தப் பாலங்களின் மேல் நிற்கவே கூடாது என்று கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) சட்டமும் போட்டுவிட்டது. உங்கள் மாமியார் வலி தாங்காமல் இரண்டு நிமிடம் கைப்பிடியைப் பிடித்து நிற்கிற பாலமாக ஹார்பர் பாலம் இருக்க வேண்டும்.

பதில்: இரவுப்பணி

நான் அந்தத் தெருவில் ஒரு மோட்டலின் வரவேற்பு மேஜையில் இரவு வேலை பார்க்கிறேன். பாலமே வேண்டாம் என்பது என் கட்சி. எங்களிடம் தங்குகிறவர்கள் பணக்காரர்கள் இல்லை. வருஷம் முழுக்கச் சேமித்து வருகிற குடும்பங்கள். அறை பழசு என்று அவர்களுக்கும் தெரியும். நடந்து போகிற தூரம் என்பதற்காகத்தான் எடுக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் திரும்பி வரும்போது பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியாமல் வருவார்கள். அந்த நேரத்தில் ஒரு ஏற்றம் இறக்கம் கூடினாலும் அவர்களுக்குப் பாரம்தான். காரில் வருகிறவர்களும் இப்போது தெருவில் இறங்கித் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு என்று எதையாவது வாங்குகிறார்கள். மேலேயே நடந்தால் பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்வார்?

நடப்பவர்களுக்கென்று எல்லாப் பக்கமும் வண்டியை நிறுத்தி, கூடுதல் நேரம் சிக்னல் கொடுத்தால் போதாதா? கார் காத்திருக்கட்டுமே.

பதில்: தெலுக்_பிளாங்கா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செந்தோசா தீவின் அனுபவத்தைச் சொல்கிறேன். அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் வந்தது. தீவுக்குக் கார் பாலம் 1992இலிருந்தே உண்டு, 2007இலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். நடப்பவர்களுக்கென்று நல்ல வழி 2011 ஜனவரியில்தான் வந்தது: விவோசிட்டி கடைத்தொகுதிப் பக்கத்திலிருந்து, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் ரிசார்ட் வரை கடலோரமாக 600 மீட்டருக்கு மேல், கூரையும் நகரும் நடைபாதையும் உண்டு. 70 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவு என்றார்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு 1 வெள்ளி வாங்கினார்கள், பிறகு இலவசமாக்கினார்கள்.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போவேன். வெயில் படாது, மூச்சு வாங்காது. காற்று வாங்கிக்கொண்டே கப்பல்களைப் பார்ப்பார். அது நன்றாக ஓடுவதற்குக் காரணம், ஆட்கள் ஏற்கனவே கூடுகிற இடத்தில் அது தொடங்குவதுதான். ரயில், பேருந்து, கடைத்தொகுதி எல்லாம் பக்கத்திலேயே. ரிசார்ட்டுக்குப் போகிறவர் எங்கள் கடைத்தொகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் கடைகளுக்கும் நஷ்டமில்லை. ரயில் ஏற விரும்புகிறவருக்கு ரயில் அப்படியே இருக்கிறது. நடைவழி வந்ததால் எந்தப் பழைய வழியையும் மூடவில்லை. அக்கா, நீங்கள் பேசும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பதில்: தூண்_போடுபவன்

இரவுப்பணி, நீங்கள் சொல்கிற சிக்னல் நேரத்தை நானும் ஆதரிக்கிறேன், பாலம் வந்தாலும் வராவிட்டாலும். ஆனால் அது மட்டும் போதாது. 6,000 கார்கள் நிறைந்து, காருக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 18,000 பேர். அதில் பெரும்பகுதி இரவில் ஒரே நேரத்தில் திரும்பும். அத்தனை பேரையும் ஒரே சிக்னலில் கடக்கவிட்டால், முதலில் நெரிசலில் மாட்டுவது உங்கள் மோட்டல் விருந்தினர்தான். கார் கூட்டத்தை மேலே அனுப்பினால் தரைவழி உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும். தரைவழியை மூடாமல் இருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்குச் சரி. 2024இல் நகர மன்றம் ஒப்புக்கொண்ட டிஸ்னிலாண்ட்ஃபார்வர்ட் என்ற விரிவாக்கத் திட்டத்தில் 10 ஆண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு என்று நிறுவனம் உறுதி கொடுத்திருக்கிறது. அதில் ஹார்பர் நடைபாதைக்கு ஒரு படிக்கட்டும் லிஃப்டும் பெரிய செலவே இல்லை.

கட்டெல்லா_வாசி

எல்லோருக்கும் நன்றி. பாலத்தை ஆதரித்துத்தான் பேசப் போகிறேன். வாசலுக்கு எதிரே உள்ள தரைவழி நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும், இரவில் அங்கே நடப்பவர்களுக்குக் கூடுதல் சிக்னல் நேரம் வேண்டும் என்று கேட்பேன். பாலத்துக்கு ஹார்பர் நடைபாதையிலிருந்தே ஏறும் வழி வேண்டும், பூங்கா டிக்கெட் இல்லாதவரும் அதில் கடக்கலாம் என்று எழுத்தில் வர வேண்டும். இரவுப்பணி, உங்கள் தெருக்காரர்கள் யாராவது அன்று வருவார்களா? வந்தால் சேர்ந்தே உட்காரலாம்.

இரவுப்பணி

தரைவழி மூடாது என்று எழுதிக் கொடுத்தால் எனக்கும் சம்மதம்தான். தேதி தெரிந்ததும் சொல்லுங்கள், வேலை முடிந்து நேரே வருகிறேன்.

தூண்_போடுபவன்

லிஃப்ட் கேட்கும்போது இரண்டாகக் கேளுங்கள். ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும் நாள் கண்டிப்பாக வரும்.