மறு: "பவர் பாப்" – திறன் பாப்பா, வன்மெல்லிசையா?

அன்புள்ள குழுவினருக்கு,

"பவர் பாப்" என்ற மேற்கத்திய இசை வகைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில்.

> பவர் என்றால் திறன் என்று இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. "திறன் பாப்" போதுமே?

ஐயா, பாடநூல் சரிதான். ஆனால் இலங்கைப் பாடநூலில் அதே சொல் "வலு". பாப்கூட அங்கே "பொப்". இயற்பியலைப் பிடித்துக்கொண்டு போனால் கரைக்கு ஒரு சொல் ஆகிவிடும். தவிர, இந்தப் பெயர் வாட் கணக்கில் வந்ததில்லை. 1967இல் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்செண்ட், தாங்கள் வாசிப்பதைக் குறிக்கச் சொன்னது. மெட்டு பாப், அடி ராக்.

சந்தேகமிருந்தால் தி டிபீஸ் (The dB's; dB என்பது டெசிபெலின் சுருக்கம்) குழுவின் 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபெல்ஸ்' இசைத்தட்டைக் கேளுங்கள். இத்தனை நாள் என் காதில் படாமலே போன தட்டு. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துக்காரர்கள், நியூயார்க்கில் சேர்ந்து வாசித்தார்கள். ஆனால் 1981இல் அதை வெளியிட்டது ஆல்பியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். சொந்த நாட்டு ரசிகர்களே இறக்குமதித் தட்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. பிறகு எங்கே பரவுவது!

முதல் பாட்டு 'பிளாக் அண்ட் ஒயிட்'. பீட்டர் ஹோல்சாப்பிள் எழுதியது. கிதார் வெட்டி வெட்டி விழுகிறது, வில் ரிக்பியின் டிரம்ஸ் ஓரிடத்தில் சும்மா இருப்பதில்லை. ஆனால் மேலே ஓடும் மெட்டை ஒரு தடவை கேட்டாலே முணுமுணுக்க முடியும். கிறிஸ் ஸ்டேமி எழுதியவை இன்னும் கோணல். ஒன்றின் பெயரே 'சைக்கிள்ஸ் பெர் செகண்ட்', அதாவது நொடிக்கு எத்தனை சுற்று என்பது. குழுவின் பெயரில் டெசிபெல், பாட்டின் பெயரில் ஹெர்ட்ஸ்! டெசிபெல் என்பது திறன்களின் விகிதத்தை அளப்பதுதானே என்று நீங்கள் மடக்கலாம். அந்த ஒரு புள்ளி உங்களுக்கே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். "விசைப்பாப்" என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். விசைப்பலகை ஞாபகம் வந்து, கீபோர்டு இசை என்று நினைத்துக்கொள்வார்கள். "முறுக்கிசை" நன்றாகத்தான் இருக்கிறது, டீக்கடையில் சொன்னால் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: வன்மெல்லிசை.

> மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டுதானே நினைவுக்கு வரும்?

வரட்டுமே. மெட்டுக்கு முதலிடம், மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டு, கூடவே சேர்ந்து பாடும் குரல்கள் என்று அந்தச் சொல் இங்கே வேண்டியதைத்தான் கொண்டுவருகிறது. முன்னால் நிற்கும் "வன்" அதோடு இடிக்கிறது. அந்த இடிதான் இந்த இசை. வல்லினமும் மெல்லினமும் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. "வன்" வன்முறையை நினைவூட்டுகிறது என்பவர்களுக்கு: வன்பொருளைத் தினமும் மேசைமேல் வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

இதில் "ஜாங்கிள்" (jangle) என்ற கிதார் ஒலிக்கான சொல் சேரவில்லை. பன்னிரண்டு தந்திக் கிதாரின் அந்தச் சத்தத்துக்குக் "கிணுகிணுப்பு" என்று வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. கிதார் வாசிக்கிறவர்கள் யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது.