மனுவில் 'சம்பவம் நடந்த நாள்' என்ற இடத்தில் என்ன போடுவது?

ஜெராக்ஸ்கடை அக்கா:
காரைக்குடியில ஒரு ஜெராக்ஸ் கடையில மனு டைப் அடிக்கிறேன். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போறவங்க முந்தின நாளே வந்துருவாங்க. பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு எல்லாத்துக்கும் மாதிரி வச்சிருக்கேன். அதுல நாலாவது வரி 'சம்பவம் நடந்த நாள்'. இந்த வாரம் எங்க ஊர் மனுவையே அடிக்க உக்காந்தேன். அந்த வரியில கை நின்னுபோச்சு.

குடிதண்ணி ஊரணி. செம்புராங்கல் கட்டு, நாலு பக்கமும் படித்துறை. நான் கல்யாணமாகி வந்த வருஷம் சித்திரையிலகூட ஒன்பதாம் படியில தண்ணி கிடந்துச்சு. இப்ப தை முடியுறதுக்குள்ள அடிமண் தெரியுது. யாரு பண்ணினதுன்னு கேட்டா கை காட்ட ஆளில்ல. மேக்கால தைலமரம் போட்டு, மழைத்தண்ணி வெளிய ஓடாம சுத்தி வரப்பு கட்டினாங்க. ஊரணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல ஒருத்தர் வேலி போட்டாரு, ஒருத்தர் பாதைக்கு மண்ணு கொட்டினாரு. மிச்சத்துல சீமைக்கருவேலம். சிமெண்ட் ரோடு உசந்ததும் தெருத்தண்ணி வேற பக்கம் திரும்பிருச்சு. அந்த ரோடு வேணும்னு மனு அடிச்சதே நான்தான்!

எங்க அத்தைக்கு இடுப்பு போயிருச்சு. முப்பது வருஷம் குடம் சுமந்த இடுப்பு. டாக்டர் 'வயசாயிருச்சு'ன்னுட்டாரு. வயசு அம்பத்தாறு.

காலனிப் பொம்பளைங்க நெலமை இன்னும் மோசம். ஊரணி நெறைஞ்சு கிடந்த காலத்துல அவங்கள அந்தப் படியில இறங்க விடல. கண்மாய்க்குள்ள ஊத்துத் தோண்டித்தான் குடிச்சாங்க. இப்ப ஊரணி எல்லாருக்கும் பொதுங்கிறாங்க. தண்ணிதான் இல்ல.

நான் என்ன தேதி போட?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
சம்பவம்னு எழுதாதம்மா. எழுதினா ஆள் யாரு, நாள் என்னன்னு கேப்பாங்க. 'தற்போதைய நிலை'ன்னு எழுது. புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) அ-பதிவேடு நகலும் (சர்வே எண்வாரியா நில விவரம்) வாங்கு. வரத்துக்கால் எந்த சர்வே எண், என்ன அகலம்னு தெரிஞ்சிரும். இன்னைக்கு டேப் பிடிச்சு அள. எவ்வளவு குறையுதோ அதுதான் ஆதாரம். இன்னொண்ணு, 2007-ல வந்த ஏரிகள் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித்துறை (இப்ப நீர்வளத்துறை) கண்மாய்க்குத்தான். ஊரணி ஊராட்சிக் கணக்கு. மாத்திக் குடுத்தா மனு மேசை மேசையாச் சுத்தும். தைலமரத்துக்குத் தனி மனு போடு.

பள்ளத்தூர் வீடு:
நாங்க சென்னையில இருக்கோம், படைப்புக்கு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது) மட்டும் ஊருக்கு வருவோம். அந்த ரெண்டு நாளுக்காக எங்க அப்பச்சி 500 அடிக்கு போர் போட்டாங்க. அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக் கிணறு வத்திருச்சு. அந்த ஆச்சி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாங்க வந்தா வாளியோட வந்து 'ரெண்டு வாளி எடுத்துக்கவா'ன்னு கேப்பாங்க. தாராளமா எடுத்துக்கங்கன்னு சொல்வோம். இப்ப நினைச்சாக் கூசுது.

கானாடுகாத்தான் குமார்:
மழை குறைஞ்சா ஊரணி வத்தும். இதுல ஏன் குத்தவாளி தேடணும்?

மதுரை வாசகர்:
குமார், நாள் தெரிஞ்ச குத்தமே எப்படி முடியுதுன்னு பாருங்க. போபால்ல விஷவாயு கசிஞ்சது 1984 டிசம்பர் 2-3 ராத்திரி, உலகத்துக்கே தெரியும். ஆலைக்குள்ள கிடந்த 337 டன் நச்சுக்கழிவை அங்கேருந்து எடுத்தது 2025 ஜனவரியில. நடுவுல 40 வருஷம். நிலத்தடி நீர்ல அது கலந்ததுக்கு எந்த ராத்திரியைச் சொல்வீங்க? நம்ம கொடைக்கானல்ல பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை மூடினது 2001. பாதரசம் பாதிச்சிருச்சுன்னு போராடின முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு வந்தது 2016-ல. பாதரச ஆவிக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

ஜெராக்ஸ்கடை அக்கா:
குமார் தம்பி, போன ஐப்பசியில நல்ல மழை. தைலமரத்து வரப்புக்குள்ள முழங்காத்தண்ணி நின்னுச்சு, ஊரணிக்கு ஒரு சொட்டு வரல.

சர்வேயர் ஐயா, புலப்படம் வாங்கிட்டேன். வரத்துக்கால் அகலம் 6 மீட்டர்னு போட்டிருக்கு. வேலிகிட்ட சைக்கிள்கூட நுழையாது. 'சம்பவம்' வரியை எடுத்துட்டேன். இதுவரைக்கும் 43 கையெழுத்து. ஒரு சிக்கல், மூணாவது கையெழுத்து அந்த வேலி போட்டவரோடது.