அப்பாவின் முப்பது வினாடி

குழு: நம்ம வீடு

திங்கள்

அப்பா (காலை 6:48): முழங்கால் பயிற்சி முடிந்தது. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பிடிப்பது, 30 வினாடி, ஐந்து முறை. இன்றைக்கு வலி அவ்வளவாக இல்லை.

அம்மா: ஐந்து முறை செய்தார், உண்மைதான். ஆனால் சீக்கிரம் முடிந்த மாதிரி இருந்தது.

நான்: அப்பா, 30 வினாடியை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

அப்பா: மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். வேறெப்படி?

நான்: அம்மா, சாயங்காலம் அப்பா செய்யும்போது ஒரு ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். அவரிடம் காட்ட வேண்டாம். அவர் பாட்டுக்கு எண்ணட்டும்.

அம்மா: என் போனில் அது எங்கே இருக்கிறது?

நான்: கடிகாரச் செயலிக்குள் இருக்கும். இல்லையென்றால் லேப்டாப் பிரவுசரில் ஆன்லைன் ஸ்டாப்வாட்ச் என்று தேடுங்கள். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் என்று சில பொத்தான்கள்தான். எண்கள் பெரிதாகத் தெரியும்.

அம்மா (மாலை 6:20): 19 வினாடி. அடுத்தது 17. கடைசி 14.

அப்பா: நான் முப்பது வரைக்கும் எண்ணினேன். ஒன்றுகூட விடவில்லை.

நான்: நீங்கள் விடவில்லை அப்பா, அது எனக்குத் தெரியும். உடம்பு சிரமப்படும்போது ஒவ்வொரு வினாடியும் நீளமாகத் தெரியும். அதனால் எண்ணுகிற வேகம் நம்மை அறியாமல் கூடிவிடும். பாருங்கள், 19, 17, 14 என்று வலி ஏற ஏற எண்ணிக்கை வேகமாகியிருக்கிறது.

அத்தை: எனக்கும் அப்படித்தான் அண்ணா. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் பயிற்சி செய்ய ஆரம்பித்தபோது ஒரு நிமிடம் நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். எதிரே நேரத்தை ஓட விட்டுப் பார்த்தால் 38 வினாடி. அன்றிலிருந்து கடிகாரம் இல்லாமல் செய்வதில்லை.

சித்தப்பா: அண்ணா, எண்ணுவதை மனிதன் எப்போதுமே முழுதாக நம்பியதில்லை. நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்ய வைத்து, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். துடிப்பை நாம் எண்ணலாம், நேரத்தைக் கருவிதான் எண்ண வேண்டும். நானும் நடை முடிந்ததும் 15 வினாடி ஓட விட்டு நாடியை எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்கிறேன்.

அக்கா: அப்பா, அந்த 14-ஐ நினைத்து வருத்தப்படாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒருவருக்கு வலிப்பு வந்தது என்று கூட்டி வருவார்கள். எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், அரை மணி நேரம் என்பார் ஒருவர், கொஞ்ச நேரம்தான் என்பார் இன்னொருவர். பயத்தில் நேரம் எப்படித் தெரியும்? ஆனால் எங்களுக்கு அந்த எண் மிக முக்கியம். எல்லோரும் இதை நினைவில் வையுங்கள்: யாருக்காவது வலிப்பு வந்தால், அவரைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, உடனே ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். முதல் முறையாக வருகிறது என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அம்மா: இதைத் தனியாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிறேன்.

செவ்வாய்

தம்பி: அண்ணா, ஒரு சந்தேகம். நேற்று பிரவுசரில் ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு, வேறு டேபில் பாட்டு போட்டுவிட்டுப் பயிற்சி செய்தேன். திரும்பி வந்து பார்த்தால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. சுவர்க் கடிகாரப்படி 20 நிமிடம், இது 12 காட்டுகிறது.

நான்: அது அந்தப் பக்கத்தை எழுதிய விதத்தில் உள்ள குறை. சில பக்கங்கள் ஒவ்வொரு முறை டிக் அடிக்கும்போதும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும். நீ வேறு டேபுக்குப் போனால் பேட்டரியை மிச்சப்படுத்த பிரவுசர் அந்த டிக்கை மெதுவாக்கிவிடும். குரோமில் 2021-ல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து, 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டிக், பல நேரம் நிமிடத்துக்கு ஒரு முறைதான் அடிக்கும். சரியாக எழுதிய பக்கம் டிக்கை எண்ணாது. தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துக் காட்டும். மறைத்தாலும் திரும்ப வந்ததும் சரியான நேரம் வந்து நிற்கும்.

தம்பி: எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்: போன் கடிகாரத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாகத் தொடங்கு. பக்கத்தைப் பத்து நிமிடம் மறைத்து வை. திரும்பி வந்து இரண்டையும் பார். ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடு. அப்புறம், ஓடும்போது ரீஃப்ரெஷ் அழுத்தாதே. பல பக்கங்கள் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

சித்தப்பா: அது காட்டும் நூறில் ஒரு பங்கு வினாடியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். தடகளத்தில் கையால் எடுத்த நேரம் 10.11 என்றால் 10.2 என்றுதான் பதிவு செய்வார்கள்.

தம்பி: நான் செய்வது தபாட்டா. 20 வினாடி வேகம், 10 வினாடி ஓய்வு, 8 சுற்று, மொத்தம் 4 நிமிடம். இதற்கும் ஸ்டாப்வாட்ச் போதுமா?

நான்: அதற்கு ஒலி எழுப்பும் இன்டர்வல் டைமர்தான் சரி. திரையைப் பார்த்துக்கொண்டே முழு வேகத்தில் செய்ய முடியாது. இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில் சைக்கிள் இயந்திரத்தில், இனி முடியவே முடியாது என்ற நிலை வரை மிதிக்க வைத்தார்கள். நிதானமாகச் செய்துவிட்டு அதைத் தபாட்டா என்று சொல்லக் கூடாது.

அம்மா: அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம்.

அப்பா: எனக்கும் டைமர் வைத்தால் நல்லதுதானே? 30 ஆனதும் மணி அடித்துவிடும்.

நான்: அப்பா, இதில் என் கருத்து வேறு. டைமர் 30-லிருந்து கீழே இறங்கும். நீங்கள் 22 வினாடி பிடித்துவிட்டு விட்டுவிட்டால் அதற்கு அந்த 22 தெரியாது, முடியவில்லை என்று மட்டும்தான் உங்களுக்குத் தோன்றும். ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும். நீங்கள் எவ்வளவு பிடித்தீர்களோ அவ்வளவையும் அப்படியே கையில் கொடுக்கும். இப்போது உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான். 30-ஐ எளிதாகத் தொட ஆரம்பித்த பிறகு டைமருக்கு மாறலாம்.

அக்கா: நானும் அதைத்தான் சொல்வேன். பிசியோவிடம் காட்டவும் அந்த எண்கள் உதவும்.

அம்மா: ஐந்து முறையையும் தனித்தனியாக எப்படிக் குறிப்பது? ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்தால் பழையது போய்விடுகிறது.

நான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப் என்ற பொத்தானை அழுத்துங்கள் அம்மா. கடிகாரம் நிற்காது, முந்தைய முறை அழுத்தியதிலிருந்து ஆன நேரம் கீழே ஒரு வரியாக விழும். அப்பா இழுக்கத் தொடங்கும்போது ஒரு முறை, விடும்போது ஒரு முறை. அப்போது பட்டியலில் ஒன்று பிடித்த நேரம், அடுத்தது ஓய்வு என்று மாறி மாறி வரும். பக்கத்திலேயே இன்னொரு எண் கூடிக்கொண்டே போனால் அது தொடக்கத்திலிருந்து ஆன மொத்தம். அதை எழுத வேண்டாம்.

அம்மா: சரி. நோட்டு எடுத்து வைக்கிறேன்.

புதன்

அம்மா (காலை 6:55): 21, 20, 20, 18, 16. திரையைப் பார்த்துக்கொண்டே செய்தார்.

அப்பா: பார்த்துக்கொண்டு செய்தால் மூச்சைப் பிடிக்காமல் இருக்க முடிகிறது. எண்ணும்போது என்னை அறியாமல் மூச்சை அடக்கியிருக்கிறேன்.

அக்கா: அதுதான் பெரிய விஷயம் அப்பா. மூச்சை விட்டுக்கொண்டே செய்யுங்கள். கூர்மையான வலி வந்தால் எண் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம், வெள்ளி

அப்பா (காலை 7:02): 31, 30, 30, 27, 23. கடைசியில் முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்றது. விட்டுவிட்டேன்.

நான்: முதல் மூன்றும் 30 தொட்டுவிட்டது அப்பா!

அக்கா: நிறுத்தியது சரி. இப்போது எப்படி இருக்கிறது?

அப்பா: உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. நாளைக்கும் அப்படி இருந்தால் பிசியோவிடம் கேட்கிறேன்.

சித்தப்பா: அண்ணா, அந்த 23-ஐயும் நோட்டில் எழுதினீர்களா?

அம்மா: எழுதியாயிற்று. பக்கத்தில் சுருக் என்றும் எழுதியிருக்கிறேன்.