ஐஈஎல்டிஎஸ் ரீடிங் 23-லேயே நிற்கிறது: எந்த வார்த்தைப் பட்டியல் படிக்கலாம்?

தாம்பரம்_லோக்கல்:

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவு எழுதப் போகிறேன், கம்ப்யூட்டர் தேர்வு. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ரீடிங்கில் 9-க்கு 7 பேண்ட் (தர மதிப்பெண்) வேண்டும். வீட்டில் செய்து பார்த்த மாதிரித் தேர்வுகளில் 40-க்கு 22, 23, 24 என்றே வருகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி.

3,000 வார்த்தைகள் உள்ள பட்டியல் ஒன்றை ஏ-யில் ஆரம்பித்துப் படிக்கிறேன். சி வரை வந்தாயிற்று, ஏ-யில் பாதி மறந்தாயிற்று. இதையே தொடரலாமா, வேறு நல்ல பட்டியல் இருக்கிறதா? ஹிந்து தலையங்கம் தினமும் படிக்கச் சொல்கிறார்கள், அது உதவுமா? 60 நிமிடத்தில் மூன்று பாசேஜ் முடிக்க வேண்டும், மூன்றாவதற்கு வரும்போது பத்து நிமிடம்தான் மிச்சம் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியும். அதுபோக தாம்பரம் – நுங்கம்பாக்கம் ரயில் நேரம் இருக்கிறது.

மாம்பலம் மேற்கு:

முதலில் அந்த 3,000 பட்டியலை மூடி வையுங்கள் தம்பி. அகர வரிசையில் படித்தால் ஒரே மாதிரி தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். 'அடாப்ட்' என்று மூன்றாவது எழுத்து 'ஏ'-யாக ஒன்றும் (தகவமைப்பது) 'ஓ'-வாக ஒன்றும் (தத்தெடுப்பது) வருமே, இரண்டையும் ஒரே நாளில் படித்தவருக்கு ஆயுசுக்கும் குழப்பம்தான்.

பட்டியல்தான் வேண்டுமென்றால் அகாடமிக் வேர்ட் லிஸ்ட் போதும். ஏவரில் காக்ஸ்ஹெட் நியூசிலாந்தில் தொகுத்து 2000-இல் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பத்துப் பிரிவு. முதல் ஒன்பதில் தலா 60, கடைசியில் 30. அதிகம் புழங்குகிறவை முதல் பிரிவில் இருக்கும், அதனால் அகர வரிசைத் தொல்லை கிடையாது. ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான 2,000 சொற்களை விட்டுவிட்டுத் தொகுத்தது. பல்கலைக்கழகப் பாட எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்த 570-க்குள் வரும். ஐஈஎல்டிஎஸ் பாசேஜும் அந்த நடைதான்.

ஆனால் 570-ஐயும் படிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலோடு உட்கார்ந்து மூன்று குறி போடுங்கள். வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் டிக். பார்த்த மாதிரி இருக்கிறது ஆனால் சொல்ல வரவில்லை என்றால் கேள்விக்குறி. தெரியவே தெரியாது என்றால் பெருக்கல். கேள்விக்குறிகளை முதலில் முடியுங்கள், பாதி வேலை ஏற்கெனவே ஆகியிருக்கும் சொற்கள் அவை. இரண்டும் சேர்த்து 250 வந்தது என்று வைத்துக்கொண்டால், கடைசி வாரத்தை விட்டு 35 நாள், நாளுக்கு ஏழு சொல், சின்ன அட்டைகளில் எழுதிப் படிக்க. ஏழுதான். ஆர்வத்தில் முப்பது எழுதினால் நாலாவது நாள் திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டையே நூறைத் தாண்டும், அதோடு நின்றுவிடும்.

அட்டையில் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதுவதுதான் பலரும் செய்கிற தப்பு. முன்பக்கம் வாக்கியத்தில் ஓட்டை விடுங்கள்: 'எக்ஸ்போர்ட்ஸ் ______ 40% ஆஃப் தி இன்கம்'. பின்பக்கம்: 'அக்கவுன்ட் ஃபார்', அதன் கீழே 'மேக் அப், கான்ஸ்டிட்யூட்', அதற்கும் கீழே 'இவ்வளவு பங்கு வகிப்பது'. அதே 'அக்கவுன்ட் ஃபார்' என்பதற்கு 'காரணம் சொல்வது' என்ற பொருளும் உண்டு. அதற்கு வேறு அட்டை. இரண்டையும் ஒரே அட்டையில் திணித்தால் ஒன்று தெரிந்ததுமே அட்டை தெரிந்துவிட்டதாக மனசு ஏமாற்றும்.

அட்டைகளைப் போட்டுவைக்க, காலி ஸ்வீட் டப்பாவை மூன்று அறையாகத் தடுத்தால் போதும். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. தெரிந்தால் அடுத்த அறைக்குப் போகும். தெரியாவிட்டால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். ரயிலில் நின்றுகொண்டே பார்க்க வேண்டும் என்றால் இதையே போனில் ஆன்கி என்ற செயலி செய்து கொடுக்கும். ரயிலில் அட்டை மட்டும் பாருங்கள். பாசேஜ் வேண்டாம், கிண்டியில் ஏறுகிற கூட்டத்தில் மூன்றாவது பத்தி மண்டையில் ஏறாது.

காகிதக்கடல்:

தலையங்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்ம ஊரில் ஆங்கிலம் என்றாலே ஹிந்து தலையங்கம் என்பது ஒரு பழக்கம். கெட்டது இல்லை, ஆனால் இந்தத் தேர்வுக்கு அது சுற்றுவழி. தலையங்கம் வாதம் செய்கிற எழுத்து, 500 சொல்லுக்குள் முடிந்துவிடுவதும் உண்டு, நாட்டு நடப்பு தெரிந்தால்தான் புரியும். தேர்வில் வருவது விளக்கிச் சொல்கிற எழுத்து: தேனீ எப்படி வழி கண்டுபிடிக்கிறது, கண்ணாடி எப்படித் தயாரானது, இந்த மாதிரி. மூன்று பாசேஜும் சேர்த்து 2,150 முதல் 2,750 சொல் வரை போகும்.

அதே பேப்பரின் அறிவியல் பக்கம் படியுங்கள், அது நெருக்கமானது. 800, 900 சொல் நீளமுள்ள கட்டுரை கிடைத்தால் இன்னும் நல்லது. எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் ஆங்கில இதழ்களைப் புரட்டலாம்.

படிக்கும்போது வேகத்தை அளந்து பாருங்கள். ஒரு வரியில் சராசரி எத்தனை சொல், எத்தனை வரி என்று பெருக்கி, எடுத்த நிமிடத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 100 சொல் என்றால் 2,500 சொல்லை ஒருமுறை படிக்கவே 25 நிமிடம் போய்விடும், 40 கேள்விக்கு 35 நிமிடம்தான் மிஞ்சும். 150 என்றால் 17 நிமிடத்தில் படித்துவிட்டு 43 நிமிடம் கையில் இருக்கும். உங்கள் மூன்றாவது பாசேஜ் பிரச்சினையின் வேர் இங்கேயும் இருக்கலாம். உதடு அசைகிறதா, மனசுக்குள் தமிழில் மொழிபெயர்க்கிறீர்களா என்று கவனியுங்கள். இரண்டுமே வேகத்தைத் தின்னும்.

சொல்லாய்வு_ரசிகை:

தெரியாத சொல்லை விட, தெரியும் என்று நினைக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். நாம் தமிழ் பேசும்போதே தினமும் புழங்குகிற ஆங்கிலச் சொற்களுக்கு நம்மிடம் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும். பாசேஜில் அது வேறு வேஷத்தில் வரும்.

லோன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்றால் அனுமதி. 'எகனாமிக் சாங்ஷன்ஸ்' என்றால் தடை, தண்டனை, நேர் எதிர். 'அட்ரஸ்' என்றால் வீட்டு முகவரி; 'அட்ரஸ் தி ப்ராப்ளம்' என்றால் பிரச்சினையைக் கையில் எடுப்பது. 'காம்ப்ரமைஸ்' சமாதானம்தான், ஆனால் மருத்துவக் கட்டுரையில் 'காம்ப்ரமைஸ்டு இம்யூனிட்டி' என்றால் பலவீனமான எதிர்ப்பு சக்தி. 'டவுட்' நமக்கு வகுப்பில் கேட்கிற சந்தேகம். அங்கே 'ரிசர்ச்சர்ஸ் டவுட் தட்...' என்று வந்தால் அவர்கள் அதை நம்பவில்லை என்று பொருள். 'டிஷ்யூ' கை துடைக்கிற பேப்பர் மட்டும் இல்லை, உடம்பின் திசு. 'பிளான்ட்' செடியும்தான், தொழிற்சாலையும்தான்.

இன்னொரு கூட்டம் சின்னச் சொற்கள். 'ஃப்யூ' என்றால் கிட்டத்தட்ட யாருமில்லை, 'எ ஃப்யூ' என்றால் சிலர் இருக்கிறார்கள். 'ஹார்ட்லி' என்பதற்கும் 'ஹார்ட்' என்பதற்கும் பொருளில் சம்பந்தமில்லை. 'ஹார்ட்லி எனி' என்றால் அநேகமாக ஒன்றுமில்லை. தமிழில் இவற்றை ஒரே 'சில'வில் அடக்கிவிடுகிறோம், அதனால் கண் தாண்டிப் போய்விடும். டப்பாவில் ஒரு இருபது அட்டை இந்த வகைக்கு ஒதுக்குங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

மூவருக்கும் நன்றி. கடைசி இரண்டு தேர்வுகளின் தவறுகளைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 34 தவறு. ட்ரூ/ஃபால்ஸ்/நாட் கிவன் 11, பத்திகளுக்குத் தலைப்பு பொருத்துவது 8, கோடிட்ட இடம் 6, நேரமில்லாமல் விட்டது 9. வார்த்தை தெரியாமல் விட்டது இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாம்பலம் மேற்கு:

இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. விட்டுவிட்ட அந்த 9 முதலில். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறையாது. கடைசி நிமிடத்தில் எதையாவது தேர்ந்தெடுத்துவிட்டு வாருங்கள், காலியாக ஒன்றும் இருக்கக் கூடாது. அகாடமிக்கில் 7-க்கு ஏறக்குறைய 30 சரியாக இருக்க வேண்டும், 6-க்கு 23. வினாத்தாளுக்குத் தக்கபடி ஒன்றிரண்டு மாறும். ஆக உங்களுக்கு வேண்டியது ஏழு விடை.

20, 20, 20 என்று பிரிக்காதீர்கள். பொதுவாக மூன்றாவதுதான் கடினம். 16, 19, 23 என்று வைத்தால் இரண்டு நிமிடம் மிஞ்சும். 16 முடிந்ததும் எத்தனை கேள்வி பாக்கி இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். ஒரு கேள்விக்கு 90 வினாடிக்கு மேல் போனால் ஊகித்துவிட்டு நகருங்கள்.

ட்ரூ/ஃபால்ஸ்/நாட் கிவனுக்கு ஒரு வாக்கியத்தை வைத்தே பார்க்கலாம். பாசேஜில் 'தி கெனால் வாஸ் யூஸ்டு சீஃப்லி ஃபார் மூவிங் சால்ட் அண்ட் ஃபயர்வுட்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் பெரும்பாலும் உப்பும் விறகும் போயின, அவ்வளவுதான் செய்தி.

'கால்வாய் வழியே விறகும் போனது': ட்ரூ.
'உப்பு மட்டுமே போனது': ஃபால்ஸ். விறகு இருக்கிறதே, பாசேஜ் மறுத்துவிட்டது.
'உப்பு கொண்டுபோகவே கால்வாய் வெட்டினார்கள்': நாட் கிவன். பயன்பட்டது எதற்கு என்று சொன்னதே தவிர, வெட்டியது எதற்கு என்று சொல்லவில்லை.
'விறகை விட உப்பு அதிகம் போனது': இதுவும் நாட் கிவன். உப்பு முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதால் அதிகம் என்று ஆகாது.

மறுத்தால் ஃபால்ஸ், வாயே திறக்காவிட்டால் நாட் கிவன். கேள்வியில் 'ஒன்லி', 'ஆல்', 'ஃபர்ஸ்ட்', 'மோர் தேன்', 'பிகாஸ்' வந்தால் அந்தச் சொல்லுக்கு மட்டும் பாசேஜில் ஜோடி தேடுங்கள். தகராறு எப்போதும் அங்கேதான். உங்களுக்கு வெளியிலிருந்து தெரிந்த விஷயத்தை உள்ளே கொண்டுவராதீர்கள். பக்கிங்காம் கால்வாய் வரலாறு தெரிந்தவர்தான் மூன்றாவதில் தப்பு செய்வார். இந்த வகைக் கேள்விகள் பாசேஜின் வரிசையிலேயே வரும். 4-க்கும் 6-க்கும் இடம் தெரிந்தால் 5 நடுவில்தான் இருக்கும், இல்லாவிட்டால் அது நாட் கிவனாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேடி மூன்று நிமிடம் அலைய வேண்டாம்.

காகிதக்கடல்:

தலைப்பு பொருத்துவதை கடைசியில் செய்யுங்கள். மற்ற கேள்விகளுக்காகப் பத்திகளை எப்படியும் ஒருமுறை பார்த்திருப்பீர்கள்.

மாம்பலம் மேற்கு:

இதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சிட்ட தாளில் பாசேஜுக்கு முன்னாலேயே தலைப்புகளைக் கொடுப்பதே அதற்காகத்தான். பத்தி பத்தியாகத் தலைப்பு போட்டுக்கொண்டே போனால் எந்த விஷயம் எங்கே என்று ஒரு வரைபடம் கிடைக்கும், அடுத்த கேள்விகள் சீக்கிரம் முடியும். தம்பி, இரண்டு தேர்வு இப்படி, இரண்டு தேர்வு அப்படி செய்து நிமிடத்தைக் குறித்துப் பாருங்கள். எப்படிச் செய்தாலும் பொறி ஒன்றுதான்: பத்தியின் ஒரு மூலையில் வருகிற சொல்லை அப்படியே வைத்து ஒரு தலைப்பு இருக்கும், அது பெரும்பாலும் தூண்டில். முதல் வரியை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் 'ஹவ்எவர்' வந்தால் பத்தி அங்கே திரும்புகிறது, தலைப்பு திரும்பிய பிறகு வருவதற்குத்தான்.

சொல்லாய்வு_ரசிகை:

கோடிட்ட இடத்தில் போன அந்த 6-ஐப் பாருங்கள், பாதி கவனக்குறைவாக இருக்கும். 'நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்' என்றால் மூன்று சொல் போட்டதும் மார்க் போச்சு, விடை சரியாக இருந்தாலும். நடுவில் சிறுகோடு போட்ட சொல் ஒன்றாகத்தான் கணக்கு. ஸ்பெல்லிங் தப்பினாலும் தப்புதான், அதனால் பாசேஜைப் பார்த்துப் பார்த்தே டைப் செய்யுங்கள். ஒருமை பன்மை முக்கியம்: கோட்டுக்கு முன்னால் 'எ' இருந்தால் விடையில் 'எஸ்' வராது. பாசேஜில் உள்ள சொல்லை வடிவம் மாற்றாமல் எடுக்க வேண்டும், சொந்தச் சொல் போடக் கூடாது.

தவறுகளை எழுத ஒரு நோட்டு வைத்து, அதில் நாலு நெடுவரிசை போடுங்கள்: கேள்வியில் இருந்த சொல், பாசேஜில் இருந்த சொல், நான் போட்டது, ஏன் தப்பு. முதல் இரண்டு நெடுவரிசைதான் உங்கள் நிஜமான வார்த்தைப் பட்டியல். கேள்வியில் 'ஷார்டேஜ்', பாசேஜில் 'ஸ்கேர்ஸ்'. கேள்வியில் 'ஓல்டர் பீப்பிள்', பாசேஜில் 'தி எல்டர்லி'. இந்தத் தேர்வு முழுக்க இந்த ஜோடி சேர்க்கிற வேலைதான். ஒரு தேர்வுக்கு 60 நிமிடம் என்றால், அதை அலசுவதற்கு 90 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு வாரம் இரண்டு தேர்வு போதும்.

பயிற்சிக்கு கேம்பிரிட்ஜ் வெளியிடும் தேர்வுத்தாள் தொகுப்புகளையே பயன்படுத்துங்கள், ஒன்றில் நாலு தேர்வு இருக்கும். வாங்கும்போது அட்டையில் அகாடமிக் என்று இருக்கிறதா பாருங்கள். வேலைக்கும் குடியேற்றத்துக்கும் எழுதுகிற ஜெனரல் டிரெயினிங் வேறு, அதில் 30 வாங்கினால் 6-தான். கண்ட இணையதளத்திலும் கிடைக்கிற இலவசத் தாள்களில் நாட் கிவன் கேள்விகள் சரியாக அமைந்திருக்காது, அதில் பழகினால் கை கெட்டுவிடும்.

தாம்பரம்_லோக்கல்:

இரண்டு தேர்வையும் நோட்டில் ஏற்றியாயிற்று, 'ஏன் தப்பு' நெடுவரிசையில் 'நேரம்' என்பதுதான் அதிகம். ஒரு கடைசிக் கேள்வி: காகிதத்தில் பயிற்சி செய்துவிட்டு கம்ப்யூட்டரில் எழுதினால் சிக்கல் வருமா?

காகிதக்கடல்:

வரும். திரையில் பாசேஜ் இடப்பக்கம், கேள்வி வலப்பக்கம், இரண்டும் தனித்தனியாக உருளும். காகிதத்தில் பென்சிலால் கோடு போடுகிற கைக்கு முதல் நாள் ஒன்றும் ஓடாது. மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஹைலைட் செய்யலாம், அதைப் பழகுங்கள். ஆனால் ஒரு பத்திக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் மஞ்சள் அடிக்காதீர்கள். பெயர், ஆண்டு, எண் போதும். பாதித் தேர்வுகளையாவது கணினியில் செய்யுங்கள், போன் திரையில் வேண்டாம்.

தேர்வு நாளில் லிசனிங் முடிந்ததும் இடைவேளை இல்லாமல் ரீடிங், அதன் பின் ரைட்டிங். அதனால் கடைசி மூன்று வாரமும் லிசனிங்கையும் ரீடிங்கையும் சேர்த்தே உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் முடியாவிட்டால் அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி இருக்கிறது. லிசனிங்குக்கு இயர்போன் மறக்காதீர்கள்.