புதுப்பிப்பு: பச்சைப் பட்டைக்குள் நகரும் முள்

திருகோணமலையில் என்னிடம் படிக்கும் மாணவ விமானிகள், முள் பச்சைப் பட்டைக்குள் (பாதுகாப்பான அளவைக் காட்டும் பகுதிக்குள்) நின்றால் போதும் என்று இயந்திர மானிகளைக் கடந்துவிடுகிறார்கள் என முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

இப்போது மானியைத் தாளால் மறைத்துவிட்டு, “முள் எங்கே நின்றது? அதற்கு முன் எங்கே நின்றது?” என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்விதான் உயிரானது. எண்ணெய் அழுத்தம் இறங்க, எண்ணெய் வெப்பநிலை ஏறினால், எண்ணெய் உண்மையிலேயே குறைகிறது என்று கொண்டு உடனே தரையிறங்க இடம் தேட வேண்டும். வெப்பநிலை அசையாமல் அழுத்தம் மட்டும் விழுந்தால் மானியே பழுதாகியிருக்கலாம். அப்போதும் அருகிலுள்ள ஓடுபாதைக்குத் திரும்பத்தான் சொல்வேன்.

மாணவர்கள் நம்ப மறுத்தது கார்புரேட்டர் பனியை, அதாவது காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பகுதிக்குள் உறையும் பனியை. இந்த வெயிலில் பனியா என்கிறார்கள். கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்றில் 25 பாகை செல்சியஸிலும் அது உறையும். வலுவைக் குறைத்து இறங்கும்போது ஆபத்து இன்னும் கூடும். இதழ்க் கோணம் மாறாத சுழலி (புரொப்பெல்லர்) கொண்ட விமானத்தில், நேர்மட்டப் பறப்பின்போது சுற்றுவேகமானியின் முள் மெல்லச் சரிவதே முதல் அறிகுறி. கார்புரேட்டர் சூடேற்றியை இழுத்ததும் முள் இன்னும் இறங்கும், இயந்திரம் சற்றுத் தடுமாறும். பயந்து சூடேற்றியை மூடிவிடக் கூடாது! பனி உருகியதும் முள் மேலேறும்.

அடுத்த வகுப்பு எரிபொருள் மானிகள் பற்றியது. தொட்டிக்குள் குச்சி விட்டு அளப்பதிலிருந்து தொடங்குகிறேன்.