அப்பா அம்மாவுக்கு ஞாபக மறதிப் பரிசோதனையா? நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள்

சேலத்திலிருந்து பெற்றோரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்து வந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மா செவ்வாய்ப்பேட்டைக்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாற்பது வருஷம் வெள்ளிக் கொலுசுக்கு மணி கோத்தார். சிட்னிக்கு வந்த மூன்றாம் மாதம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்.

டாக்டர், "இப்போது என்ன பருவம்?" என்று கேட்டார். அது ஜூலை மாதம். "ஆடி. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியிருப்பாங்க" என்றார் அம்மா. நான் "குளிர்காலம்" என்று சொல்லிவிட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அம்மா திணறினார். அதற்கும் நானே எடுத்துக்கொடுத்தேன். வயதுக்கு இது சரிதான் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் போய்விட்டது.

அந்த மாதிரிக் கேள்விகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. படிக்காதவர் நன்றாக இருந்தாலும் மார்க் குறையும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து உதவினால் நோய் மறைந்துகொள்ளும்.

அதனால் 'ரூடாஸ்' வேண்டும் என்று கேளுங்கள். பல மொழி, பல நாட்டு மக்களுக்காகச் சிட்னியில் உருவாக்கி 2004-ல் வெளியிட்ட சோதனை அது. மொத்தம் 30 மார்க். 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதுவே முடிவு அல்ல. தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாமே மறதி போலத் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு, முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் தடவை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார், நான் வெளியே உட்கார்ந்தேன். கடைச் சாமான் நான்கைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது அம்மா, "என்ன சாமான்? எப்போ சொன்னீங்க?" என்றாராம். அதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்று, ஊரில் இருக்கும் அண்ணன் தங்கையிடம் பேசி, பழைய விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வருகிறவர் அம்மா. விமானம் ஏறுவதற்கு முந்தைய வருஷம், பாதி மலையில், "எங்கே போறோம்?" என்று மூன்று தடவை கேட்டாராம். வயசானா அப்படித்தான் என்று தங்கை விட்டுவிட்டாள். டாக்டர் அதிக நேரம் விசாரித்தது இதைப் பற்றித்தான்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது. தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450, டிமென்ஷியா (மறதி நோய்) உதவி எண் 1800 100 500.