முதல் பாதியை 3 நிமிடம் முன்னாலேயே ஊதிவிட்டால், இரண்டாம் பாதியில் சேர்த்துக்கொள்ளலாமா?

கோல்கம்பம்:
குறுவட்டக் கால்பந்துப் போட்டி, பாதிக்கு 30 நிமிடம் என்று பேசித்தான் ஆரம்பித்தது. எங்கள் பையன் பெனால்டி ஏரியாவுக்குள் பந்தோடு நுழையும்போது ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார், என் வாட்ச்சில் 27. இடைவேளையில் காட்டினேன், அவருக்கும் புரிந்துவிட்டது. "விடுங்க சார், செகண்ட் ஹாஃபில் 3 நிமிஷம் சேர்த்துடறேன்" என்றார். எதிரணி மாஸ்டர் கூடாது என்று கத்தினார். கடைசியில் 33 நிமிடம் ஆடினார்கள், 32-ல் கோல் போட்டு ஜெயித்ததும் அவர் அணிதான்! அந்தக் கோல் செல்லுமா?

சைடுலைன்:
கத்தியவர் சொன்னதுதான் சரி. முதல் பாதியில் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டதை ஈடுகட்ட இரண்டாம் பாதியின் நீளத்தை மாற்றவே கூடாது என்று விதி 7 நேரடியாகவே சொல்கிறது. இரண்டு பாதியும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காயம், ஆள் மாற்றம், வேண்டுமென்றே இழுத்தடிப்பது இதற்கெல்லாம் அந்தந்தப் பாதியிலேயே நேரம் கூட்டலாம், அது வேறு கதை. கோலைப் பொறுத்தவரை, ரெஃப்ரி கொடுத்தால் கொடுத்ததுதான், விதி 5. புகார் என்றால் போட்டிக் குழுவிடம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

பழையபூட்ஸ்:
இது உலகக் கோப்பையிலேயே நடந்திருக்கிறது சார். 1930, மான்டிவிடியோ, அர்ஜென்டினா 1-0 முன்னிலை, பிரான்ஸ் ஆள் கோலை நோக்கி ஓடும்போது 84-வது நிமிடத்திலேயே ரெஃப்ரி ஆட்டத்தை முடித்துவிட்டார். அப்புறம் தப்பு தெரிந்து ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைத்து மிச்சத்தை ஆடவைத்தார், ஸ்கோர் மாறவில்லை. 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் மாலி–துனிசியா ஆட்டத்தில் ரெஃப்ரி சிகாஸ்வே 85-ல் ஒரு தடவை ஊதி, ஆட்டத்தைத் தொடர்ந்து, 90 ஆவதற்குச் சில விநாடி இருக்கும்போது மறுபடி ஊதினார். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டபோது துனிசியா வரவே இல்லை. மாலிக்கு 1-0 என்றே முடிந்தது. உடனே கூப்பிட்டால் வருவார்கள், பூட்ஸைக் கழற்றின பிறகு யார் வருவார்?

கோல்கம்பம்:
அப்படியென்றால் எங்கள் ரெஃப்ரி என்ன செய்திருக்க வேண்டும்? அப்போது யாரும் மைதானத்தை விட்டுப் போகவில்லை, கோட்டோரமாக உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சைடுலைன்:
அங்கேயே இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அந்த 3 நிமிடத்தை ஆடவைத்துவிட்டு, அதற்கப்புறம் முறையாக இடைவேளை விட்டிருக்கலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஊதியதால் டிராப் பால், அதாவது ரெஃப்ரியே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடரவைப்பது. அது பந்தை வைத்திருந்த அணிக்கு, அதாவது உங்கள் பையன் பக்கம். ஆனால் இடம்தான் சிக்கல்: பெனால்டி ஏரியாவுக்குள் நின்றது என்றால் எதிரணி கோல்கீப்பருக்குத்தான் போகும், நீங்கள் ஆசைப்பட்ட வாய்ப்பு கிடைத்திருக்காது. இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது என்றால் இந்த வழியும் இல்லை, நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதுதான்.

ரெண்டுவாட்ச்:
பள்ளி மேட்சில் பெரும்பாலும் ஒரே ஆள்தான், லைன்ஸ்மேன் கூட மாணவர்கள். நான் இரண்டு வாட்ச் கட்டுகிறேன். இடது கையில் ஓடுவதை எதற்கும் நிறுத்துவதில்லை, வலது கையில் இருப்பதைத்தான் காயத்துக்கு நிறுத்துவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூட்டவேண்டிய நேரம். கிக் ஆஃப் ஆன மணியைக் கார்டின் பின்னால் பென்சிலில் எழுதிவிடுவேன், ஸ்கோர் மேஜையில் இருப்பவரிடமும் சொல்லிவிடுவேன். நிறுத்திய வாட்ச்சைத் திரும்ப ஓடவிட மறந்தாலும் இடது கை காட்டிக்கொடுத்துவிடும்.

கோல்கம்பம்:
பெனால்டி ஏரியாவுக்குள் ஒரு காலடி வைத்திருந்தான் சார். சரி, கீப்பருக்கே போகட்டும்.